கேஸை ஆயில் கணக்குல சொல்றீங்க சரி, எந்த ஆயில்னு சொல்லுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை உங்க பேப்பர்ல இயற்கை எரிவாயு பத்தி ஒரு முழுப்பக்கக் கட்டுரை வந்துச்சு, நல்லாத்தான் எழுதியிருந்தாங்க, குறை கண்டுபிடிக்கணும்னு உக்காந்து இதை எழுதல, ஆனா அதே பக்கத்துல ஒரே விஷயத்துக்கு மூணு நம்பர் போட்டிருக்கீங்களே அதைக் கேக்காம இருக்க முடியல. கட்டுரைக்குள்ள ஒரு எம்எம்பிடியு (கேஸை வெப்பக் கணக்குல அளக்கற அளவு, கீழ விளக்கறேன்) கேஸ் ஏறக்குறைய 25 லிட்டர் எரிஎண்ணெய்க்குச் சமம்னு இருக்கு. ஓரத்துல இருந்த பெட்டிச் செய்தில அதே எம்எம்பிடியுக்கு 27 லிட்டர். கீழ பீப்பாய் படம் போட்டிருந்த இடத்துல பொடி எழுத்துல 24 லிட்டர். மூணையும் ஒருத்தரே எழுதினாரா மூணு பேர் ஆளுக்கொண்ணா எழுதிக் குடுத்தாங்களா தெரியல, படிக்கறவன் எதை எடுத்துக்கறது?

நான் முப்பது வருஷத்துக்கு மேல பாய்லர் ஹவுஸ்ல இருந்து ரிட்டயர் ஆனவன். என்கூட ஷிஃப்ட் பாத்த பையன் ஒருத்தன், இப்ப அவனே ஒரு பாய்லர் ஹவுஸுக்கு இன்சார்ஜ், உங்க பக்கத்தை போட்டோ புடிச்சு போன்ல அனுப்பி "அண்ணே இதுல எதை வச்சு கணக்கு போடறது, ஆயில்ல இருந்து கேஸுக்கு மாறப் போறோம், மாசத்துக்கு எவ்ளோ கேஸ் வேணும்னு வர்ற திங்கக்கிழமை நான் எழுதிக் குடுத்தாகணும்"னு கேக்கறான். பேப்பர்ல வந்தா அதை நம்பி காசு போடற ஆளும் இருக்காங்க சார், அதுக்குத்தான் சொல்றேன்.

மொதல்ல ஒண்ணு சொல்லிடறேன், அந்த மூணு நம்பருமே சரியா இருக்க வாய்ப்பு இருக்கு. பக்கத்துல என்ன எழுதணுமோ அதை எழுதாம விட்டதுதான் தப்பு.

பிடியுங்கறது பழைய கால அளவு, ஒரு பவுண்டு தண்ணிய ஒரு ஃபாரன்ஹீட் டிகிரி சூடாக்க வேணுங்கற வெப்பம், ஒரு தீக்குச்சி முழுசா எரிஞ்சா வர்ற சூடுன்னு வச்சுக்கலாம், நம்ம கணக்குல 1,055 ஜூல். அது ரொம்பப் பொடிசா இருக்குன்னு ஒரு லட்சம் பிடியுவை ஒரு தெர்ம்னு வச்சாங்க, பிரிட்டன்ல 1920 ல கேஸ் ரெகுலேஷன் ஆக்ட்னு சட்டமே போட்டு கேஸ் கம்பெனிக்காரங்க கன அடியைக் கணக்கு பண்ணாம வெப்பத்தைக் கணக்கு பண்ணி காசு வாங்கணும்னு கொண்டு வந்தப்ப அந்த தெர்ம் வந்துச்சு. பத்து தெர்ம் சேந்தா ஒரு டெக்காதெர்ம், அதாவது பத்து லட்சம் பிடியு, அதுக்கே இன்னொரு பேர்தான் எம்எம்பிடியு. இதுல எம்னா மில்லியன் இல்ல. ரோமன் எண்ணுல எம்னா ஆயிரம், ஆயிரம் ஆயிரம்னு ரெண்டு தடவை போட்டதால பத்து லட்சம் ஆகுது. ஜூல் கணக்குல 1.055 ஜிகா ஜூல், கரண்ட் யூனிட்ல சொன்னா 293.

இந்த எம் விஷயத்துலதான் உங்க பெட்டிச் செய்தி சறுக்கிடுச்சு. எம்சிஎஃப்னா மில்லியன் கன அடின்னு போட்டிருக்கு, ஆனா அது ஆயிரம் கன அடி. அதுக்கு அடுத்த வரியிலயே ஒரு பேரல் எண்ணெய் 6 எம்சிஎஃப் கேஸுக்குச் சமம்னும் இருக்கு. ரெண்டு வரியையும் சேத்துப் படிச்சா ஒரு பேரலுக்கு 60 லட்சம் கன அடி கேஸ் ஆகுது, கன மீட்டர்ல சொன்னா ஒரு லட்சத்து எழுபதாயிரம், 159 லிட்டர் பிடிக்கற பீப்பாய்க்கு இது கொஞ்சம் ஜாஸ்தி. எழுதினவங்க மேல கோவம் இல்ல, இந்தத் தொழில்லயே ஆயிரத்துக்கு ஒரு எம் போடறவங்களும் மில்லியனுக்கு ஒரு எம் போடறவங்களும் ஒரே டேபிள்ல உக்காந்து பேசறாங்க, நானே சின்ன வயசுல இதுல மாட்டி முழிச்சிருக்கேன்.

இப்ப அந்த மூணு நம்பருக்கு வர்றேன்.

ஆயில்னு சொன்னா ஒரே ஆயில் இல்ல. எரிஎண்ணெய்ங்கற ஒரே பேருக்குள்ள தண்ணி மாதிரி ஓடற லேசான ஆயில் இருக்கு, அது டீசலுக்கு அண்ணன் தம்பி, அமெரிக்காக்காரங்க நம்பர் 2 ம்பாங்க. அதே பேருக்குள்ள தார் மாதிரி கெட்டியா, சூடு பண்ணாம அசையவே அசையாத ஹெவி ஆயிலும் இருக்கு, நாங்க ஃபர்னஸ் ஆயில்னு சொல்றது, நம்பர் 6 ம்பாங்க. லேசான ஆயில் ஒரு அமெரிக்க கேலன்ல ஏறக்குறைய 1,38,700 பிடியு இருக்கும், ஹெவி ஆயில்ல ஏறக்குறைய 1,49,700 இருக்கும். லிட்டர்ல சொன்னா லேசானதுல 38.7 மெகா ஜூல், ஹெவில 41.7. நிறைய பேர் நல்ல ஆயில்தான் அதிகச் சூடு குடுக்கும்னு நெனைக்கறாங்க, கிலோ கணக்குல பாத்தா அது உண்மை, லிட்டர் கணக்குல பாத்தா தலைகீழ், ஏன்னா ஹெவி ஆயில் ஒரு லிட்டர்ல அடங்கற எடை அதிகம். அதனால ஒரு எம்எம்பிடியு கேஸை ஹெவி ஆயிலா மாத்தினா 25.3 லிட்டர், லேசான ஆயிலா மாத்தினா 27.3 லிட்டர். உங்க கட்டுரையோட 25, பெட்டியோட 27, ரெண்டும் இப்படி வந்திருக்கலாம். கேலன்னு எங்கயாச்சும் போட்டா அமெரிக்க கேலனா இம்பீரியல் கேலனான்னும் சொல்லிடுங்க, ஒண்ணு 3.785 லிட்டர் இன்னொண்ணு 4.546 லிட்டர், நூத்துக்கு இருபது வித்தியாசம்.

அப்ப 24 எங்கேருந்து வந்துச்சு? இதுதான் பெரிய விஷயம், எங்க பாய்லர் ஹவுஸ்ல ஒரு வருஷம் பூரா எங்களைத் திட்டு வாங்க வச்ச விஷயமும் இதுதான்.

எந்த எரிபொருளுக்கும் ரெண்டு வெப்ப மதிப்பு உண்டு, கிராஸ் ஒண்ணு, நெட் ஒண்ணு. எரியும்போது எரிபொருள்ல இருக்கற ஹைட்ரஜன் தண்ணியா மாறுது, சூட்டுல அது ஆவியாத்தான் இருக்கும். அந்த ஆவியைக் குளிர வச்சு மறுபடி தண்ணியாக்கி அதுல இருக்கற வெப்பத்தையும் கறந்துட்டா வர்ற கணக்கு கிராஸ், ஆவி அப்படியே சிம்னில போயிடுச்சுன்னு விட்டுட்டா வர்ற கணக்கு நெட். மேல சொன்ன 25.3, 27.3 ரெண்டும் கிராஸ் கணக்கு. கேஸ்ல பெரும்பங்கு மீத்தேன், கார்பன் ஒண்ணுக்கு ஹைட்ரஜன் நாலு, அதனால தண்ணி ஏகமா வரும். ஒரு கன மீட்டர் மீத்தேன் எரிஞ்சா ஒன்றரை கிலோ தண்ணி வருது சார், ஒன்றரை லிட்டர்! ஒரு லிட்டர் ஹெவி ஆயில் எரிஞ்சா ஒரு லிட்டர் தண்ணி கூட முழுசா வராது. அதனாலதான் கேஸ்ல கிராஸுக்கும் நெட்டுக்கும் நூத்துக்கு பத்து வித்தியாசம், ஆயில்ல ஆறு சொச்சம்தான். மீத்தேனையே எடுத்துக்கிட்டா ஒரு கிலோவுக்கு கிராஸ் 55.5 மெகா ஜூல், நெட் 50, நடுவுல இருக்கற அஞ்சரையும் ஆவியோட போற காசு.

ரெண்டு பக்கமும் நெட் போட்டா ஒரு எம்எம்பிடியு கேஸ், அதாவது பில்லுல கிராஸ்ல வர்ற எம்எம்பிடியு, ஹெவி ஆயில்ல 24.3 லிட்டர்தான். உங்க பொடி எழுத்து 24 அதுதான்.

இப்ப எங்க கதையைச் சொல்றேன். ஆயில்ல ஓடிட்டிருந்த பாய்லரை கேஸுக்கு மாத்தலாம்னு முடிவு பண்ணினாங்க. மாசத்துக்கு 60,000 லிட்டர் ஃபர்னஸ் ஆயில் எரிச்சிட்டிருந்தோம். கணக்கு போட்டுக் குடுக்க வெளிய இருந்து ஒரு கம்பெனி வந்துச்சு, பேர் வேண்டாம், டையெல்லாம் கட்டிக்கிட்டு நாலு நாள் இருந்து அழகா ஸ்பைரல் பைண்டிங் போட்ட ரிப்போர்ட் குடுத்துட்டுப் போனாங்க. அதுல ஆயிலுக்கு லேப் ரிப்போர்ட்ல இருந்த நெட் மதிப்பு, லிட்டருக்கு 39.2 மெகா ஜூல். கேஸுக்கு சப்ளை பண்றவங்க பேப்பர்ல இருந்த மதிப்பு, கன மீட்டருக்கு 38 மெகா ஜூல், ஆனா அது கிராஸ். ஒரு பக்கம் நெட், ஒரு பக்கம் கிராஸ். அறுபதாயிரத்தை 39.2 ஆல பெருக்கி 38 ஆல வகுத்தா 61,900 கன மீட்டர் வருது, அந்த அளவுக்கு கேஸ் கேட்டு ஒப்பந்தமும் போட்டாச்சு.

ஓட்ட ஆரம்பிச்ச மொத மாசமே 68,000 தாண்டிருச்சு. அடுத்த மாசமும் அதே. ஒப்பந்தத்துக்கு மேல எடுத்ததுக்கு கூடுதல் ரேட். மேனேஜர் நேரா பாய்லர் ஹவுஸுக்கு வந்து நின்னுட்டார், "கேஸை எங்கய்யா விடறீங்க, லீக்கா, ராத்திரி ஷிஃப்ட்ல தூங்கிட்டு சிம்னி டேம்பரைத் தொறந்து விட்டுடறீங்களா"ன்னு. நாங்க லீக் டெஸ்ட் பண்ணினோம், சோப்புத் தண்ணி பிரஷ்ஷால ஒவ்வொரு ஃபிளாஞ்சா தடவிப் பாத்தோம், பர்னரை ட்யூன் பண்ணினோம், சிம்னில ஆக்சிஜன் எவ்ளோன்னு மணிக்கொரு தடவை எழுதினோம். எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு. நூத்துக்கு பதினொண்ணு எங்க போச்சுன்னு யாருக்கும் தெரியல.

ஒரு நாள் விடிகாலை குளிரா இருந்துச்சு, பாய்லரை நிறுத்தி மறுபடி ஸ்டார்ட் பண்ணின நேரம். சிம்னி அடில ஒரு சின்ன ட்ரெய்ன் வால்வு இருக்கும், ஆயில்ல ஓடின காலத்துல அதைத் தொறந்தா புகைக்கரி கலந்த கறுப்புச் சேறு கொஞ்சமா வரும், வராமயும் போகும். அன்னிக்குத் தொறந்தேன், சலசலன்னு தண்ணி. வாளியை வச்சேன், கால் மணி நேரத்துல அரை வாளி. தொட்டுப் பாத்தா வெதுவெதுன்னு, லேசா மஞ்சளா. ட்யூப் ஓட்டையாயிருச்சோன்னு எனக்கு நெஞ்சு திக்குனு ஆயிருச்சு, ட்யூப் லீக்னா பெரிய வேலை. ஆனா பாய்லர் பிரஷர் இறங்கல, பாய்லருக்குத் தண்ணி தள்ற ஃபீட் பம்ப்பும் வழக்கம் போலத்தான் ஓடுது. சிம்னி சூடானதும் ட்ரெய்ன்ல தண்ணி நின்னுடுச்சு, மேல பாத்தா வெள்ளைவெளேர்னு ஆவி. அப்பதான் பொறி தட்டுச்சு, இது கேஸ் எரிஞ்சு உண்டான தண்ணி, குளிர்ந்த சிம்னில பட்டு இறங்குது, சிம்னி சூடாயிட்டா ஆவியாவே மேல போயிடுது, அந்தத் தண்ணியோட சேந்து வெப்பமும் போகுது, அந்த வெப்பத்துக்கும் சேத்துத்தான் நமக்கு பில் வருது.

அன்னிக்கு மத்தியானம் ஸ்டோர் ரூம்ல இருந்து ஒரு பழைய லெட்ஜரை எடுத்து அதோட பின்பக்கத்துல கணக்கு போட்டேன். கேஸுக்கும் நெட் போட்டா கன மீட்டருக்கு 34.3 மெகா ஜூல். அறுபதாயிரம் பெருக்கல் 39.2 வகுத்தல் 34.3, விடை 68,570. மீட்டர் காட்டினதும் கிட்டத்தட்ட அதுதான்! எங்க மேல இருந்த பழி அந்த ஒரு வகுத்தல்ல கழிஞ்சுது. மேனேஜர் லெட்ஜரைப் பாத்தார், ரிப்போர்ட்டைப் பாத்தார், ஒண்ணும் பேசல, சாயந்தரம் எல்லாருக்கும் டீ வந்துச்சு.

சரி, ரெண்டு பக்கமும் கிராஸ் போட்டிருந்தா என்ன ஆகியிருக்கும்னு கேப்பீங்க. லிட்டருக்கு 41.7, கன மீட்டருக்கு 38, விடை 65,800. கணக்கா பாத்தா இது நியாயமான கணக்குதான், ஒரே அளவுகோல். ஆனாலும் சாதாரண பாய்லர்ல 65,800 பத்தாது, ஏன்னா கேஸ்ல சிம்னி வழியா போற பங்கு அதிகம், கிராஸ் கணக்குல பாத்தா கேஸ் பாய்லரோட எஃபிஷியன்சி ஆயில் பாய்லரைவிட ரெண்டு மூணு புள்ளி கம்மியாத்தான் காட்டும். கண்டென்சிங் பாய்லர்னு ஒண்ணு இருக்கு, அது புகையை 55 டிகிரிக்கும் கீழ குளிர வச்சு அந்தத் தண்ணியோட வெப்பத்துல ஒரு பங்கை திருப்பி எடுத்துடும், அதை விக்கறவங்க எஃபிஷியன்சி நூத்துக்கு 105, 107 ன்னு விளம்பரம் போடுவாங்க, படிக்கறவங்க இது என்னடா மாயம்னு நெனைப்பாங்க. மாயமெல்லாம் இல்ல, வகுக்கற இடத்துல நெட் போட்டு, மேல கிராஸ்ல வர்ற வெப்பத்தையும் சேத்துக்கறாங்க, அவ்ளோதான்.

இன்னொரு வேடிக்கை சொல்றேன். எங்க ரிப்போர்ட்காரங்க பண்ணின மாதிரி ஒரு பக்கம் கிராஸ் ஒரு பக்கம் நெட் கலந்து ஒரு எம்எம்பிடியுவை ஹெவி ஆயிலா மாத்திப் பாருங்க, 26.9 லிட்டர் வரும், சுருக்கிச் சொன்னா 27. உங்க பெட்டிச் செய்தில இருக்கற அதே 27! அதாவது லேசான ஆயிலுக்கு ஒழுங்கா போட்ட கணக்கும் 27, ஹெவி ஆயிலுக்குத் தப்பா போட்ட கணக்கும் 27. நம்பரை மட்டும் பாத்து இது எந்த 27 னு கடவுளாலயும் சொல்ல முடியாது. உங்க ஆளு எதைப் போட்டார்னு எனக்கு இன்னும் புரியல.

கன மீட்டர்லயும் ஒரு வம்பு இருக்கு. கேஸ் சூடானா விரியும், அழுத்தினா சுருங்கும், அதனால வெறுமனே ஒரு கன மீட்டர்னு சொன்னா அதுல எவ்ளோ கேஸ் இருக்குன்னு தெரியாது. ஸ்டாண்டர்ட் கன மீட்டர்னு 15 டிகிரி செல்சியஸ்ல அளக்கறாங்க, நார்மல் கன மீட்டர்னு 0 டிகிரில அளக்கறாங்க, அழுத்தம் ரெண்டுக்கும் ஒண்ணுதான், 101.325 கிலோ பாஸ்கல். நார்மல்ல 100 னா ஸ்டாண்டர்ட்ல 105.5 வரும். நார்மல்ங்கறதும் ஸ்டாண்டர்ட்ங்கறதும் கேக்கறதுக்கு ஒரே மாதிரி இருக்கறதால பேப்பர்ல ரெண்டையும் "இயல்பு நிலை"ன்னு ஒரே வார்த்தைல மொழிபெயர்த்துடறீங்க, அஞ்சரை சதவீதம் அங்கயே காணாமப் போயிடுது. இது போதாதுன்னு கேஸே எப்பவும் ஒரே மாதிரி வராது. சுத்த மீத்தேன் ஒரு ஸ்டாண்டர்ட் கன மீட்டருக்கு கிராஸ்ல 37.7 மெகா ஜூல், ஈத்தேன் 66, கேஸ்ல ஈத்தேன் கொஞ்சம் கூடினா மதிப்பு ஏறும், நைட்ரஜனோ கார்பன் டை ஆக்சைடோ கலந்தா இறங்கும். அதுக்குத்தான் குழாய் வழியில குரோமட்டோகிராஃப் வச்சு என்னென்ன கலந்திருக்குன்னு பாத்துட்டே இருக்காங்க, மீட்டர் அளக்கறது கன மீட்டர், பில்லுக்குப் போறது வெப்பம், நடுவுல அந்த மெஷின் சொல்ற நம்பரால பெருக்கறாங்க.

இந்த நெலமைல உங்க பெட்டிச் செய்தில ஒரு கன மீட்டர் கேஸ் = 0.9137 லிட்டர் எரிஎண்ணெய்னு நாலு தசமம் போட்டிருக்கீங்க. கேஸோட மதிப்பே நூத்துக்கு அஞ்சு இப்படி அப்படி ஆடுது, இதுல நாலாவது தசமம் எதுக்கு சார்? 0.9 னு போட்டுட்டுப் போங்க. பழைய ஆளுங்க ஒரு கன மீட்டர் கேஸ் ஒரு லிட்டர் லேசான ஆயில்னு விரல்ல எண்ணிச் சொல்லிடுவாங்க, ஒரு மெஷினும் இல்லாம, உண்மைல 0.98 வரும்.

ஆயில் பக்கமும் யோக்கியம் ஒண்ணும் இல்ல. ஹெவி ஆயில் டேங்க்ல எப்பவும் சூடாத்தான் கிடக்கும், ஆறினா கட்டியாயிடும். டிப் ஸ்டிக் விட்டு இத்தனை சென்டிமீட்டர், சார்ட்ல பாத்தா இத்தனை லிட்டர்னு எழுதுவோம், ஆனா அந்த லிட்டர் 65 டிகிரி லிட்டர், வெப்ப மதிப்பு எழுதியிருக்கறது 15 டிகிரி லிட்டருக்கு. அம்பது டிகிரி வித்தியாசத்துல ஆயில் நூத்துக்கு மூணு மூணரை விரிஞ்சிருக்கும். லிட்டரை நம்பாம எடைக்கு மாத்தி கணக்கு போடறதுதான் ஒழுங்கு, நாங்களும் ரொம்ப நாள் அதைப் பண்ணல. அப்புறம் அந்த ஆயிலை பர்னர்ல தெளிக்கற அளவுக்கு இளக்கணும்னா நூறு டிகிரிக்கு மேல சூடு பண்ணணும், ஆயில் லைன் ஆறாம இருக்க அதை ஒட்டியே ஸ்டீம் குழாய் (ஸ்டீம் ட்ரேசிங்) ஓடும், தெளிக்கறதுக்கு தனியா ஸ்டீம், புகைக்கரி ஊதறதுக்கு தனியா ஸ்டீம், இதெல்லாம் நாமளே தயார் பண்ணின ஸ்டீம்ல இருந்து எடுத்துத் திருப்பிக் குடுக்கறது. கேஸ்ல இது எதுவும் கிடையாது. சமம்னு நீங்க போடற கணக்குல இது எங்கயும் வராது.

தீயே வேற மாதிரி இருக்கும். ஆயில் தீயை சைட் கிளாஸ் வழியா பாத்தா கண்ணு கூசும், மஞ்சளா தகதகன்னு, உள்ள இருக்கற கரித்துகள் பழுத்து வெப்பத்தை நாலாபக்கமும் வீசும். கேஸ் தீ லேசான நீலம், பகல்ல பாத்தா எரியுதா இல்லையான்னு சந்தேகம் வரும். அதனால கேஸுக்கு மாறினா ஃபர்னஸுக்குள்ள வீச்சுல ஏறற வெப்பம் குறைஞ்சு, புகை சூடு அதிகமா பின்னாடி போகும். அதே பாய்லர், அதே ஜூல், ஆனா வேலை அதே இல்ல.

பேரல் கணக்கும் ஒரு தடவை பாத்துடுவோம், செய்தில அதிகமா வர்றது அதுதான். பேரல் ஆயில் ஈக்விவலன்ட்னு, அதாவது ஒரு பேரல் எண்ணெய்க்குச் சமம்னு, சொல்றது 58 லட்சம் பிடியு, அமெரிக்க வரித்துறை கணக்கு, அது கச்சா எண்ணெய்க்கு. ஹெவி ஆயில் ஒரு பேரல் 62.87 லட்சம் பிடியு. அதாவது கச்சா பேரல்ல மாத்தினதை எரிஎண்ணெய் பேரல்னு தலைப்பு போட்டா நூத்துக்கு எட்டு கூடிப்போச்சு. ஒரு பேரலுக்கு 6 ஆயிரம் கன அடின்னு எல்லாரும் சொல்றாங்களே, ஆயிரம் கன அடி கேஸ்ல ஏறக்குறைய 10.4 லட்சம் பிடியு, அப்படிப் பாத்தா கச்சாவுக்கு 5.6 தான் வருது, ஹெவி ஆயிலுக்குத்தான் 6 பொருந்துது, யாரும் இதைக் கவனிச்ச மாதிரி தெரியல. டன் கணக்குல சொல்ற டிஓஇயும் (எண்ணெய்க்குச் சமமான டன்) அப்படித்தான், சர்வதேச எரிசக்தி முகமை அதை நெட்ல 41.868 ஜிகா ஜூல்னு வச்சிருக்கு, ஒரு கோடி கிலோ கலோரி, ரவுண்டா இருக்கட்டும்னு வச்ச நம்பர். நிஜ ஹெவி ஆயில் ஒரு டன் நெட்ல 40.4 தான். ஆக எண்ணெய்க்குச் சமமான டன்னும் எண்ணெய் டன்னும் ஒண்ணு இல்ல.

விலை பத்தி எழுதும்போதாவது தயவுசெஞ்சு இதைப் பாருங்க. கேஸ் 12 டாலர், எண்ணெய் 70 டாலர்னு பக்கத்துல பக்கத்துல போட்டா படிக்கறவன் அடேங்கப்பா கேஸ் எவ்ளோ மலிவுன்னு நெனைப்பான், ஆனா கேஸ் விலை எம்எம்பிடியுக்கு, எண்ணெய் விலை பேரலுக்கு, ஒரு பேரல் 5.8 எம்எம்பிடியு, 12 ஐ 5.8 ஆல பெருக்கினா 69.6, ரெண்டும் ஏறக்குறைய ஒரே விலை. எல்என்ஜி (திரவமாக்கின இயற்கை எரிவாயு) ஒப்பந்தங்கள்ல எண்ணெய் விலைல இத்தனை சதவீதம்னு ஒரு ஸ்லோப் போடுவாங்க, அது 17.2 ன்னு இருந்தா வெப்பத்துக்கு வெப்பம் சரிசமம், அதுக்குக் கீழ இருந்தா கேஸ் மலிவு, ஒண்ணை 5.8 ஆல வகுத்தா வர்றதுதான் அந்த 17.2. செய்தில ஸ்லோப் 12, 13 ன்னு மட்டும் போட்டுட்டு போயிடறீங்க, எதோட ஒப்பிட்டு 12 ன்னு யாரும் சொல்றதில்ல.

நான் கேக்கறது பெரிசா ஒண்ணும் இல்ல. எங்க இந்த மாதிரி சமம்னு போட்டாலும் எந்த ஆயில், கிராஸா நெட்டா, கன மீட்டர்னா எந்த டிகிரில, இந்த மூணு வார்த்தைக்கு இடம் விடுங்க, இடம் பத்தலன்னா பீப்பாய் படத்தைச் சின்னதா போடுங்க. பக்கத்துல மெகா ஜூல்ல ஒரு நம்பர் போட்டுட்டா இன்னும் நல்லது, சந்தேகம் வந்தவன் அவனே வகுத்துப் பாத்துக்குவான். எம்சிஎஃப்னா ஆயிரம் கன அடிங்கற திருத்தத்தை மட்டும் இந்த வாரமே போட்டுடுங்க.

அந்தப் பையனுக்கு நான் உங்க பொடி எழுத்து நம்பரைத்தான் எடுத்துக்கச் சொன்னேன். அவன் எரிக்கறது ஹெவி ஆயில், பாய்லர் பழைய பாய்லர், கண்டென்சிங் எதுவும் கிடையாது, அதனால எம்எம்பிடியுக்கு 24.3 லிட்டர். "அண்ணே பேப்பர்ல 27 பெரிசா போட்டிருக்கு, எங்க ஆளுங்க அதைத்தான் காட்டுவாங்க"ன்னான். 24.3 க்குப் பக்கத்துல நெட், ஹெவி, டேங்க் சூடு 65 னு பேனாவால எழுதி, கூடவே பாய்லர் ஸ்டார்ட் ஆகற நேரத்துல சிம்னி ட்ரெய்ன்ல வர்ற தண்ணியை ஒரு வாளில பிடிச்சு வைக்கச் சொல்லியிருக்கேன், மாறின மொத மாசம் மேனேஜர் வருவார்ல.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பாய்லர் ஆபரேட்டர்